சுமன் நட்ட வாழை

"அக்கா, இது எத்தன வருஷத்து மரம்?"

"வார தை வந்தா நாலு வருஷம் மிஸ். இன்னும் ஒரு பூகூட தள்ளல. என்ன நோவுன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

லயத்து வரிசை வீட்டு ஆட்களுக்கு மரக்கறிக் கன்று கொடுக்க ஹட்டனிலிருந்து வந்திருந்த விவசாய ஆபீசர் சுதர்ஷினியை, கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தன் வாசலுக்குக் கூட்டி வந்திருந்தாள் பூரணி. தேயிலை மலையிலிருந்து இறங்கியவள் கொழுந்துக் கூடையைக்கூட இன்னும் இறக்கி வைக்கவில்லை.

கட்டாருக்கு வேலைக்குப் புறப்பட்ட அன்று காலையில் அவள் புருஷன் சுமன் நட்ட கன்று அது. மண்ணை மிதித்து இறுக்கிவிட்டு, "ஏன்டி அழுவுற? இது பழுக்குறப்ப வந்து நிப்பேன். மொத சீப்ப மூணு பேரும் சேந்து சாப்புடுவோம்" என்றவன், அவள் இடுப்பிலிருந்த மகள் நிலக்ஷியின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு பஸ் ஏறிப் போனான். முதல் வருஷம் வாரம் தவறாமல் போன் வந்தது. அப்புறம் மாதத்துக்கு ஒன்று. போன சித்திரையிலிருந்து அந்த நம்பரே வேலை செய்யவில்லை.

லயத்தில் ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். பேசட்டுமே! வாக்கு கொடுத்துவிட்டுப் போனவன் வராமலா இருப்பான்? பூரணிக்கு இருந்த ஒரே பிடிப்பு இந்த மரம்தான். அரிசி கழுவிய தண்ணீர், அடுப்புச் சாம்பல், மாட்டுச் சாணம் என்று பார்த்துப் பார்த்து வளர்த்தாள்.

சுதர்ஷினி குந்தி உட்கார்ந்து மரத்தின் அடியைத் தடவிப் பார்த்தாள்.

"பனிக்கு இது கருகலியா அக்கா?"

"அத ஏன் கேக்குறீங்க! போன மாசிப் பனியில பக்கத்து வீட்டு நாகலெட்சுமியக்கா வாழ வெந்தே போச்சு. எங்களுது அசையல." பூரணியின் முகத்தில் பெருமை வழிந்தது.

"பக்கக் கன்னு வெட்டுனீங்களா?"

"ஒன்னுகூட வரலியே மிஸ்."

சுதர்ஷினி ஒரு இலையை வளைத்துப் பின்பக்கம் பார்த்தாள். நடு நரம்பு செக்கச்செவேலென்று இருந்தது. அவள் எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலக்கா. இது பழ வாழை இல்ல. அழகு வாழை. அடி பானை மாதிரி பருத்திருக்கு பாருங்க. காம்பே இல்லாம எல நிமிந்து நிக்குது. பக்கக் கன்னும் விடாது. குளிரத் தாங்குறதால பூந்தோட்டத்துல வைப்பாங்க."

"அப்ப... பழம்?"

"வராது. ரொம்ப வருஷம் போயி ஒரே ஒரு தரம் குல தள்ளும். உள்ள பூரா கொட்டை. வாயில வைக்க ஏலாது. தள்ளுனதோட மரமும் பட்டுப் போயிரும்."

பூரணி அந்த இலையைத் தானும் வளைத்துப் பார்த்தாள்.

"நல்லாப் பாத்தீங்களா மிஸ்? ஏதாச்சும் ஒரம் போட்டா?"

"என்ன போட்டாலும் வராதுக்கா. வெட்டிட்டு அந்த எடத்துல லீக்ஸ் போடுங்க. கன்னு நான் தாரேன்."

உள்ளேயிருந்து நிலக்ஷி தலையை நீட்டினாள். "அம்மா, எப்ப பழம் வருமாம்?"

"போயி பாடத்தப் படி." இதுவரை மகளிடம் அப்படி எரிந்து விழுந்ததில்லை அவள்.

சுதர்ஷினிக்கு என்னவோ போலாகிவிட்டது. "யாருக்கா நட்டது?"

"எங்க வீட்டுக்காரரு."

"பாவம், யாரோ அவர ஏமாத்திட்டாங்க. சின்னக் கன்னுல தெனமும் இதோட பழகுனவங்களுக்குத்தான் வித்தியாசம் தெரியும். மேல தோட்டத்துத் தொர பங்களாவுல இதே சாதி வரிசையா நிக்குதே, நீங்க பாத்ததில்லையா?"

"கொழுந்தெடுக்குற எங்கள கேட்டுக்குள்ள யாரு மிஸ் விடுறா?"

"அதுதான் ஒங்களுக்குத் தெரியல. அவருக்கும் தெரிஞ்சிருக்காது."

"ஆமா மிஸ். பாவம், அவருக்கு என்ன தெரியும்" என்றாள் பூரணி. கூடை இன்னும் முதுகிலேயே இருந்தது.

பங்களாவில் அந்த வாழை வரிசையைத் தன் கையால் நட்டு, ஒன்பது வருஷம் அங்கே பூந்தோட்டக்காரனாக இருந்தவனே சுமன்தான் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.