ஸ்ரேசன் வீதியில் ஒரு வீடு

ரயில் புளியங்குளத்தைத் தாண்டியபோது நிருஷன் மனைவிக்குத் தொலைபேசி எடுத்தான். சிவரூபி பதில் சொல்லவில்லை.

குளிக்கிறாளாக்கும் என்று நினைத்தான்.

ஓமந்தையில் ரயில் நின்றது. மறுபடி எடுத்தான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவன் அழைத்து அவள் எடுக்காமல் விட்டது கிடையாது. கொழும்பில் இருந்தபோது முதல் மணியிலேயே எடுத்து, "வாறியளோ?" என்பாள். பகல் முழுவதும் அந்த ஒரு சொல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இருந்தவளைப் போல.

அவர்கள் வவுனியாவுக்குக் குடிவந்து மூன்று கிழமை.

வெள்ளவத்தையில் இருந்தது மூன்றாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் கடல். அதை விட்டுவிட்டு, வங்கியில் ஆள் ஆளாகப் பிடித்துக் கெஞ்சி, கிளிநொச்சிக் கிளைக்கு மாற்றம் வாங்கினான். வாங்கியவன் கிளிநொச்சியில் இருக்காமல் வவுனியாவில் வீடு எடுத்தான்.

அக்கா தனுஷாவுக்கு இது பிடிபடவேயில்லை.

"கிளிநொச்சியில வேலை, வவுனியாவில வீடு, வாடகை மட்டும் கொழும்பு வாடகை. உனக்கென்ன விசரே?"

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. மன்னாருக்கும் அநுராதபுரத்துக்கும் கிளிநொச்சிக்கும் தினமும் வேலைக்குப் போய்வருகிறவர்கள் எல்லாரும் வவுனியா ரவுணுக்குள்தான் வீடு தேடினார்கள். ஸ்ரேசன் பக்கத்தில் இரண்டு அறை வீட்டுக்குக் கேட்ட வாடகைக்கு, கிளிநொச்சியில் கிணறும் தென்னையும் உள்ள பெரிய வளவே கிடைத்திருக்கும்.

கிடைத்ததுதான். நல்ல வீடுகள். எல்லாவற்றுக்கும் கல்லும் மண்ணும் கொட்டிய கிரவல் ஒழுங்கைக்குள்ளால்தான் போக வேண்டியிருந்தது. அவன் வேண்டாம் என்றுவிட்டான்.

வவுனியாவில் வீடு காட்டிய தரகர் அப்புத்துரை பதினோராவது வீட்டோடு களைத்துப்போனார். நிருஷன் குசினியைப் பார்க்கவில்லை. தண்ணீர் எப்படி என்று கேட்கவில்லை. கேற்றடியில் நின்று தெருவை இரண்டு பக்கமும் பார்ப்பான். பிறகு சந்தி வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வருவான்.

"தம்பி, நீங்கள் வீடு பாக்கிறியளோ, றோட்டுப் பாக்கிறியளோ?"

அவன் சிரித்து மழுப்பினான்.

எதற்காக இந்த வீடு என்று சிவரூபிக்கும் அவன் சொல்லவில்லை. சொன்னால் அது அவளுக்கு ஒரு கடமைபோல ஆகிவிடும் என்று பயந்தான். விடிய அவன் வேலைக்குப் புறப்படும்போது கேற்றடி வரைக்கும் வருவாள். தெருவை ஒரு தரம் பார்ப்பாள். உள்ளே போய்விடுவாள். அவன் கண்டும் காணாதவனாக நடப்பான்.

மூன்றாவது தடவையும் எடுத்தான். பதில் இல்லை.

குளியலறைச் சுவரில் பூட்டிய கைப்பிடி ஆடுகிறது என்று நேற்றுச் சொன்னாளே. ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம் என்று விட்டது எவ்வளவு பெரிய பிழை. பக்கத்து வீட்டு இலக்கத்தை வாங்கி வைக்காதது அதைவிடப் பெரிய பிழை. கொழும்பென்றால் கீழ்வீட்டுக்காரியை ஒரு நிமிடத்தில் ஓடிப்போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். இங்கே அவனுக்கு யாரைத் தெரியும்?

ரயில் நிற்க முதலே கதவடிக்குப் போய் நின்றான். நின்றதும் குதித்தான். சனத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.

வெளியே, ஓட்டோக்கள் நிற்கிற இடத்துக்குச் சற்று அப்பால், வாகை மரத்தின் கீழ் அவள் இருந்தாள்.

தன் சக்கர நாற்காலியில். தனியாக.

நெற்றியில் தலைமயிர் வியர்த்து ஒட்டியிருந்தது. சில்லைத் தள்ளித் தள்ளி உள்ளங்கை இரண்டும் கறுத்திருந்தன.

"ஆர் உம்மைக் கூட்டிக்கொண்டு வந்தது?"

"ஒருத்தருமில்லை. நானாத்தான் வந்தனான்," என்றாள். மூச்சு இன்னும் வாங்கியது. "போனை வீட்டில வச்சிட்டன். ரெண்டு கையும் வேணுமெல்லே."

வெள்ளவத்தையில் லிப்ட் ஓடிய நாட்களிலும் அதற்குக் கீழே ஏழு படிகள் இருந்தன. அவளை முதலில் தூக்கிக்கொண்டுபோய் யாருடையதோ மதிலில் இருத்திவிட்டு, நாற்காலியை எடுக்க அவன் மேலே ஓட வேண்டும். தெருவால் போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போவார்கள். ஜன்னலில் தெரிந்த அந்தக் கடலின் கரைக்கு ஆறு வருடத்தில் அவள் மூன்று தடவைதான் போயிருந்தாள். பிறகு, வேண்டாம் என்றுவிட்டாள்.

இங்கே வாசலில் படி இல்லை. கேற்றிலிருந்து இந்த மரம் வரைக்கும் மேடு இல்லாத தார்வீதி. முந்நூற்றிருபது மீற்றர். அவன் அளந்து வைத்திருந்தான்.

ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பழக்கத்தில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளுக்குப் பின்னால் போய் நாற்காலியின் பிடியைப் பற்றினான்.

"கையை எடுங்கோ," என்றாள் சிவரூபி. "பக்கத்தில நடந்து வாங்கோ."

கையை எடுத்தான். பக்கத்துக்கு வந்தான்.

மெதுவாகத்தான் போனார்கள். ஒருதரம் அவள் நின்று இளைப்பாறினாள், அவனும் நின்றான். சந்திக் கடையில் பிளேன்ரீ நல்லாயிருக்குமோ என்று கேட்டாள். தெரியாது என்றான்.

இத்தனை காலமும் தெருவில் அவன் கண்டதெல்லாம் அவளுடைய உச்சி வகிடுதான். அந்திவெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது. அவளுடைய கண்கள் இவ்வளவு மண்ணிறம் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.