ஆறாவது ஓட்டு

"சாரே, எங்க வீட்டுல ஆறு ஓட்டு. எண்ணிப் பாத்தப்ப வந்தது அஞ்சு. மிச்சம் ஒண்ணு எங்க போச்சு? அதத்தான் எழுதிக் கேட்டிருக்கேன்."

பேரூராட்சி அலுவலகத்தின் கிளார்க் கோலப்பன், மேசையில் இருந்த மனுவை மூன்றாவது முறையாகப் படித்தார். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி முறையாக எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பும் ஒட்டியிருந்தது. கேள்வி ஒன்றே ஒன்றுதான். 'ஏழாவது வார்டு தேர்தலில், எங்கள் வீட்டில் இருந்துகொண்டே, எதிர்த்து நின்ற ஒரே வேட்பாளரான செல்வதாசுக்கு ஓட்டுப் போட்டவர் யார்?'

"முப்பது நாளுக்குள்ள பதில் தரணும்னு சட்டம். இண்ணைக்கு இருபத்தொம்பது" என்றாள் நேசம்மாள்.

அவள் கணவர் குமாரதாஸ் சென்ற அக்டோபரில், அவள் பிடித்த பிடிவாதத்தால் வார்டு உறுப்பினருக்குச் சுயேச்சையாக நின்றவர். ஐந்து ஓட்டு வாங்கித் தோற்றார். இப்போது பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இளைய மருமகள் ரெஜிஷா, அழுது வீங்கிய முகத்தோடு.

"செல்லாத ஓட்டா போயிருக்கும்மா" என்றார் கோலப்பன்.

"செல்லாத ஓட்டு ஒண்ணுகூட இல்லன்னு நீங்கதான போர்டுல எழுதிப் போட்டிய?"

"அப்போ, அந்த அஞ்சுல ஒண்ணு வெளியாளு யாராவது போட்டதா இருந்தா?"

நேசம்மாள் விரல் விட்டு எண்ணினாள். "அய்யோ, அப்போ வீட்டுக்குள்ள ரெண்டு கள்ளனா!"

கோலப்பன் தன் வாயை நொந்துகொண்டார்.

"தோத்ததுல எனக்கு வருத்தமில்ல சாரே. ரெண்டு பயக்களும், மூத்த மருமவளும் வேதபுஸ்தகத்துல கை வச்சுச் சத்தியம் பண்ணியாச்சு. இவ மட்டும் பண்ணல்ல. 'சத்தியம் பண்ணப்பிடாதுன்னு அந்த புஸ்தகத்துலயே எழுதியிருக்கே மாமி'ன்னு எனக்கே பிரசங்கம் வைக்கா. செல்வதாஸ் இவளுக்கு அம்மை வழியில மாமன் முறை. பின்ன சந்தேகம் வராதா? மூணு மாசமா எங்க வீட்டுல குடும்ப ஜெபம் கிடையாது. மனசுல இத வச்சுக்கிட்டு ஒரே பாயில முட்டுப் போட எனக்கு வரல்ல."

"உள்ளதச் சொல்லுதேன், கேளுங்க. ஓட்டு ரகசியம். அந்தச் சீட்டையெல்லாம் கட்டி சீல் வச்சாச்சு. கோர்ட்டு சொன்னாலொழிய ஆரும் பிரிக்க முடியாது."

"அப்போ கோர்ட்டுக்குப் போறேன்."

குமாரதாஸ் மெல்ல எழுந்தார். "நேசம், போதும் விட்டுரு. வா, வீட்டுக்குப் போவோம்."

"நீங்க இரிங்க அங்க! இவியளப் பாருங்க சாரே, சொந்த வீட்டுலயே காலை வாரி விட்டிருக்காவ, ஒரு வார்த்தை கோவப்பட்டதில்ல. இப்படியும் ஒரு மனுசன்! அதுனாலதான் நான் விடமாட்டேன். கோர்ட்டு பதில் வரது வரைக்கும் சின்னவனுக்கும் இவளுக்கும் தனி அடுப்பு. இண்ணைக்கே வீட்ட ரெண்டாப் பிரிச்சிருவேன்."

ரெஜிஷா சட்டென்று நிமிர்ந்தாள். மாமனாரை ஒரு பார்வை, மாமியாரை ஒரு பார்வை.

"மாமி, அது நானுன்னே வச்சுக்கிடுங்க. வீட்டப் பிரிக்காண்டாம்."

கோலப்பன் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். அடி விழும் என்று அவர் எதிர்பார்த்த இடத்தில், நேசம்மாள் மூக்கை உறிஞ்சினாள்.

"ஏட்டி, இத முதல்லயே சொல்லியிருந்தா இந்த வெயிலுல நான் இங்க மூணு தடவ நடந்திருப்பேனா? மாமன் முறையில்லியா, பாசம் இழுத்திருக்கும். போவட்டும்." மருமகளின் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். "எப்படி மெலிஞ்சு போனா பாரு! சாரே, மனுவ வாபஸ் வாங்கியாச்சு. இண்ணைக்கு ராத்திரி ஜெபத்துல நீதான் பாட்டு எடுக்கணும், கேட்டியா?"

சொல்லிவிட்டு, வாசலில் போன மீன்காரியைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினாள்.

மாமனாரும் மருமகளும் படிக்கட்டில் தனியாக நின்றார்கள்.

"மக்களே, நெசமாவே செல்வதாசுக்கா போட்ட?"

"இல்ல மாமா, உங்களுக்குத்தான். கண்ணாடி இல்லாம மாமிதான் தெரியாம செல்வதாஸ் சின்னத்துல குத்தியிருப்பாவளோன்னு எனக்கொரு சந்தேகம். கோர்ட்டு வரைக்கும் போயி, கடைசியில அவியளே பிடிபட்டா எவ்வளவு வெக்கப்படுவாவ? அதான் நானே ஏத்துக்கிட்டேன்."

குமாரதாஸ், சாலையில் சாளை மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த மனைவியின் முதுகை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அவளும் இல்ல மக்களே."

"பின்ன ஆரு மாமா?"

"வீட்டுல எல்லாருகிட்டயும் கேட்டா, எங்கிட்ட மட்டும் கேக்கல்ல" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "சீட்டக் கையில வாங்கினதும் கண்ண மூடி, 'ஆண்டவரே, இந்த வார்டுக்கு எவன் நல்லவனோ அவனுக்கே என் கை போகட்டும்'னு ஜெபம் பண்ணிட்டேன் மக்களே; அதுக்கப்புறம் எப்படி யோசிச்சாலும் செல்வதாஸ்தான் வாறான்!"