ஆள் இருக்கிற தெரு

"ஹார்வி! உன் நடைபாதைப் பனியையும் நானே தள்ளிட்டேன். நீ பாட்டுக்கு டிவி பாரு. வெளியே வந்து வழுக்கி விழுந்து தொலைக்காதே!"

பக்கத்து வீட்டுச் சன்னலைப் பார்த்துத் தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள் வெர்லீன். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவள், மெதுவாகப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. திரைக்குப் பின்னால் டிவி வெளிச்சம் நீலமாக மினுங்கியது.

காரைவிட்டு இறங்காமலே முகத்தைச் சுளித்தாள் தங்கை நதீன். "பனி தள்ளுற வயசாக்கா உனக்கு? அந்த ஆளு ஒரு தேங்க்ஸ் சொல்லக் கூடாதா?"

"அவனுக்குப் பேச்சு கம்மிடி."

"பேச்சு மட்டுமா? படியில பாரு, உன் பூட்ஸ் தடம்தான் ஏறி இறங்கியிருக்கு. சரியான சோம்பேறி!"

அக்காவைக் கையோடு கூட்டிக்கொண்டு போகத்தான் நதீன் வந்திருந்தாள். புறநகரில் தன் வீட்டில் ஓர் அறையை ஒழித்து, புதுப் போர்வைகூட விரித்து வைத்துவிட்டாள். ஒவ்வொரு குளிர்காலமும் இதே பேச்சுதான். அப்பா கார் ஃபாக்டரியில் முதுகொடிய உழைத்து வாங்கிய வீடு, இதைவிட்டு நகரமாட்டேன் என்று வெர்லீன் ஒற்றைக்காலில் நிற்பாள்.

கார் ஃபாக்டரிகள் மூடி நொடித்துப்போன டெட்ராய்ட் நகரம் மறுபடி எழுந்துவிட்டது என்று பேப்பரில் எழுதித் தள்ளுகிறார்கள். எழுந்தது நடு ஊர் மட்டும். இந்தக் கிழக்குப் பேட்டையில் வீடு இருந்த இடமெல்லாம் புல் மண்டிக் கிடக்கிறது. மிச்சமிருக்கும் வீட்டில் ஆள் இல்லை என்று தெரிந்தால் போதும், ஒரே ராத்திரியில் செம்புக் குழாய்களைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் எவனாவது தீ வைப்பான். அப்படிப்பட்ட தெருவில் கடைசி ஆளாக இருப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை.

"நான் ஒண்ணும் தனியா இல்ல," என்றாள் வெர்லீன். "அந்தக் கோடியில பாரு, நாலு வீட்டுல விளக்கு எரியுது. லூதர் அண்ணன் இருக்கார். பக்கத்துல மெக்காய் குடும்பம் இருக்கு..."

"அவங்களைக் கடைசியா எப்போ பார்த்தே?"

வெர்லீன் யோசித்தாள். "இந்தக் குளிர்ல யாரு யாரைப் பார்க்கிறது?"

"அப்போ வா, போய்க் கேட்டுடுவோம். நாலு வீட்டுல ஒரே ஒரு வீட்டுக்காரங்க, அடுத்த வருஷமும் இங்கதான் இருப்போம்னு சொல்லட்டும். நான் அதுக்கப்புறம் வாயே திறக்கமாட்டேன். இல்லேன்னா நீ என்கூட வந்துடணும்."

"பேச்சு மாறமாட்டியே?"

ஜெயித்துவிட்டவள்போலச் சிரித்துக்கொண்டே காரில் ஏறினாள் வெர்லீன்.

தெருக்கோடியில் இறங்கி மெக்காய் வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்தது லூதர். கையில் சாவிக்கொத்து.

"லூதர் அண்ணே! மெக்காய் வீட்டுல உங்களுக்கு என்ன வேலை?"

கையும் களவுமாகப் பிடிபட்டதுபோல விழித்தார் மனிதர். பிறகு பெருமூச்சு விட்டார்.

"இனிமே மறைச்சு என்னம்மா ஆகப்போகுது? மெக்காய் குடும்பம் போன கோடையிலயே போயிடுச்சு. மத்த ரெண்டு வீடும் அதுக்கு முன்னாலயே காலி. என் வீட்டுலேருந்து ஒயர் இழுத்து, சாயங்காலமானா நான்தான் விளக்கைப் போடுறேன். குப்பைத் தொட்டியையும் வாசல்ல வைக்கிறேன். ஆள் இருக்குன்னு நினைச்சா திருட்டுப் பசங்க அண்டமாட்டானுங்க."

வெர்லீன் நான்கு விளக்கையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"தனியாக் கிடக்கிறோமேன்னு பயம் வரும்போதெல்லாம் உங்க கோடியைத்தான் பார்ப்பேன்," என்றார் லூதர். "நீங்க இருக்கீங்க, ஹார்வி இருக்கார். அதுதாம்மா எனக்குத் தெம்பு."

நதீன்தான் கேட்டாள். "அடுத்த வருஷமும் நீங்க இங்கதானே இருப்பீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இடுப்புல ஆபரேஷன் பண்ணணுமாம். சனிக்கிழமை மகன் வந்து அட்லாண்டாவுக்குக் கூட்டிட்டுப் போறான். இனிமே எங்க திரும்பி வர்றது? உங்களை விட்டுட்டுப் போறோமேன்னு மனசு அடிச்சுக்குது, வெர்லீன். ஹார்வி துணைக்கு இருக்காரேன்னுதான் சரின்னு சொன்னேன்."

வெர்லீன் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாண்ணே. எனக்கு என்ன குறைச்சல்? நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க."

காரில் திரும்பும்போது, பந்தயத்தில் ஜெயித்திருந்தும் நதீனுக்குச் சந்தோஷமே இல்லை. அக்காவின் முகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. வீட்டு வாசலில் காரை நிறுத்தினாள்.

"துணிமணியெல்லாம் நான் எடுத்து வைக்கிறேன்க்கா. நீ முதல்ல ஹார்விகிட்ட போய்ப் பக்குவமாச் சொல்லிட்டு வா. பாவம் அந்த மனுஷன், நீயும் போயிட்டா ஒண்டியா என்ன பண்ணுவார்?"

வெர்லீன் தன் கோட்டுப் பையில் கைவிட்டு ஒரு சாவியை எடுத்தாள்.

"சொல்றதுக்கு அங்க யாருடி இருக்கா? டிவியை அணைச்சிட்டு வந்துடுறேன்."