கேரவனில் குடியிருந்த பல்லி

வாசலில் நின்ற கேரவன் வண்டியின் கூரை மூலையில் ஒரு பல்லி குடியிருந்தது. அடுப்பு, படுக்கை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்த அந்த வண்டியில் குடும்பத்தோடு காஷ்மீர் வரை போய்வரத் தணிகாசலம் ஒரு வருஷமாகத் தயாராகிக்கொண்டிருந்தார். பல்லிக்கும் ஊர் பார்க்கக் கொள்ளை ஆசை.

புறப்படும் நாள் வந்தது. புளிசாதத் தூக்கு, கம்பளி மூட்டை, பிள்ளைகள், எல்லாம் ஏறியாயிற்று. சாவியைத் திருகியதும் பல்லிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ச்சு ச்சு ச்சு!" என்றது.

"பல்லி சொல்லிடுச்சுங்க. அதுவும் தெற்கு மூலையில" என்றாள் அவர் மனைவி மரகதவல்லி. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். மறுவாரமும் இதே கதைதான்.

"உன்னாலதான் வண்டி நகர மாட்டேங்குது. வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரேன்" என்றது அலமாரியில் இருந்த கரப்பான்பூச்சி.

பல்லிக்குச் சுருக்கென்றது. மூன்றாம் முறை எல்லோரும் ஏறியபோது, மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. எஞ்சின் உறுமியது. மரகதவல்லி கூரையையே பார்த்தாள்.

"என்னங்க, எப்பவும் சொல்ற பல்லி இன்னைக்கு வாயே திறக்கலையே. எனக்கென்னவோ மனசு சரியில்ல."

அவள் சொல்லி முடிப்பதற்குள் தணிகாசலம் எஞ்சினை அணைத்துவிட்டார்.

"நானும் அதையேதான் நினைச்சேன்" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

எல்லோரும் இறங்கிப் போனார்கள். பல்லி அந்தக் காலி இருக்கைகளைப் பார்த்து, "பாவம்" என்று உச்சுக்கொட்டியது. அதைக் கேட்க வண்டிக்குள் மனிதர் யாரும் இல்லை.