கோலுக்கு ஒரு ஆள்

கையில் கேக் பெட்டி, கழுத்தில் டை, சோபாவின் நுனியில் இருப்பு. சீமோனைப் பார்த்தால் பெண் கேட்டு வந்தவர் என்றுதான் யாரும் சொல்வார்கள். பெண் கேட்டுத்தான் வந்திருந்தார். ஆனால் மாப்பிள்ளை ஓர் உதைபந்தாட்ட அணி.

கொலிஜின் பெண்கள் அணிக்கு அவர் பயிற்றுநராகி மூன்று மாதம். போன வருடம் விளையாடிய எட்டு ஆட்டங்களிலும் தோல்வி, வாங்கிய கோல் நாற்பத்தொன்று. ஓடி விளையாடப் பத்துப் பேரை எப்படியோ தேடிப் பிடித்துவிட்டார். கோலுக்கு நிற்கத்தான் ஆளில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் பதினோராவது பெயர் வராவிட்டால் அணியையே கலைத்துவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. கனடாவின் ஸ்காபரோவில் இதுவரை ஏறி இறங்கிய ஏழு வீட்டிலும் தேத்தண்ணி கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. இன்று வியாழன்.

"அக்கா, உங்கட வீட்டிலயிருந்து ஒராளை..." என்று அவர் தொடங்கியதுதான் தாமதம், வீட்டுக்காரி ஜெயமலர் பிடித்துக்கொண்டார்.

"உந்தக் கதையே வேண்டாம் தம்பி. மகள் இப்பதான் கொலிஜுக்குப் போகத் தொடங்கியிருக்கிறாள். ஆளைப் பாருங்கோ, எந்த நேரமும் போன்."

மகள் துஷானி போனிலிருந்து தலையை எடுக்கவேயில்லை.

"நானும் அதே கொலிஜிலதானே நேர்ஸிங் படிக்கிறன்? படிச்சுக்கொண்டு சமைக்கேல்லையோ, வீடு பாக்கேல்லையோ? இவளுக்கு ஒரு முட்டை பொரிக்கத் தெரியாது. இதுக்குள்ள சொக்கர் பந்து விளையாட்டாம்."

சீமோன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, தேத்தண்ணியைக் குடித்தார்.

"எங்களை எங்க கண்டனீங்கள்?" என்று கேட்டார் ஜெயமலரின் கணவர் தங்கத்துரை.

"போன மாதம் ஊர்ச் சங்க ஒன்றுகூடலில அண்ணை. அண்டைக்கே மனசில குறிச்சுக்கொண்டன். வந்து கேக்கத்தான் இவ்வளவு நாளும் துணிவு வரேல்லை."

"அங்க இவள் சாக்கோட்டத்தில விழுந்ததுதானே?" என்றார் ஜெயமலர். "நான் எறியிற முட்டையை உடையாமல் பிடிக்கிற போட்டியில நிண்டதால அதையும் வடிவாப் பாக்கேல்லை."

"மனுசிக்கு முதல் பரிசு" என்று தங்கத்துரை இடையில் புகுந்து பெருமைப்பட்டுக்கொண்டார்.

இப்போது துஷானி வாய் திறந்தாள். "கோச், பந்து வந்தா நான் கண்ணை மூடிடுவன். சீரியஸ்லி."

"நீர் ஒண்டுக்கும் பயப்படாதேயும் பிள்ளை."

"கை கால் முறிஞ்சால்?" ஜெயமலர் விடுவதாயில்லை. "நாளைக்கு ஒரு கலியாணம் காட்சி எண்டால் ஆர் பதில் சொல்லுறது?"

"கலியாண விசயத்தில ஒரு குறையும் வராது அக்கா. நான் எழுதித் தாறன்."

அவர் சொன்ன உறுதியில் ஜெயமலரே கொஞ்சம் அசந்துபோனார்.

"அக்கா, நாளைக்குப் பேர் குடுக்காட்டி மற்றப் பத்துப் பிள்ளையளும் வீட்டை போகவேண்டியதுதான். காலமை ஆறு மணிக்கு பஸ் பிடிச்சு வந்து ஓடுதுகள். அதுகளின்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?" சீமோன் கையெடுத்துக் கும்பிட்டார். மனிதர் நடிக்கவில்லை.

ஜெயமலர் கணவரைப் பார்த்தார்.

"விளையாடுற ஆளுக்கு விருப்பமெண்டால் விளையாடட்டுமன். நாங்கள் ஆர் மறிக்க?" என்றார் தங்கத்துரை.

"சரி தம்பி." ஜெயமலர் இறங்கி வந்தார். "எனக்கும் அந்த நேரம் விளையாடச் சரியான ஆசை. பொம்பிளைப் பிள்ளைக்கு என்ன பந்தெண்டு வீட்டில விடேல்லை. நானும் அதையே செய்யக்கூடாது."

சீமோன் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். எல்லாம் நிரப்பித் தயாராகத்தான் கொண்டுவந்திருந்தார்.

"தாய் தகப்பன் எங்க சைன் வைக்கிறது?"

"அது தேவையில்லை அக்கா. விளையாடுற ஆள் வைச்சால் காணும்."

ஜெயமலர் படிவத்தையும் பேனையையும் மகளின் மடியில் போட்டார். துஷானி அன்றைக்கு முதல்தடவையாகப் போனைக் கீழே வைத்தாள். படிவத்தை வாசித்தாள். இன்னொரு முறை வாசித்தாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு அதைத் தாயிடமே திருப்பி நீட்டினாள்.

"அம்மா, இதில உங்கட பேர்தான் இருக்கு."