எழுப்பிவிடும் ஒன்று

மறுபடியும் அவள் எழுந்துவிட்டாள்.

பாதி உரித்த ஆரஞ்சு அவன் தலையணை ஓரம் கிடந்தது.

ஆஸ்பத்திரி வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் எசக்கியப்பன் ஒரு கையில் வேட்டியையும் மறு கையில் கட்டில் கம்பியையும் பிடித்துக்கொண்டு நின்றார். "தாயி, ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு வருது."

"இந்தா வாரேன் அண்ணாச்சி. பைய நடங்க."

செண்பகம் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனாள். கட்டின மனைவி இப்படி ஊருக்கெல்லாம் ஓடுவதை அவன் படுத்தபடி பார்த்தான். அவருக்குத் துணைக்கு ஆளில்லை என்பது அவனுக்கும் தெரியும். தெரிந்து என்ன?

வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறவன். சாரம் சரிந்து விழுந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே எதுவும் அவன் பேச்சைக் கேட்பதில்லை. மூத்திரம் குழாய் வழியாகக் கட்டிலோரப் பையில் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது.

விழித்திருந்தாலும் அப்படித்தான். தூங்கினாலும் அப்படித்தான்.

எசக்கியப்பன் திரும்பி வந்து சலித்துக்கொண்டார். "முழிச்சிருக்கையில சும்மா கெடக்கும் தம்பி. கண்ணசந்தாப் போதும், உசுப்பி விட்டுரும். நமக்கு ஏது நல்ல தூக்கம்?"

மாத்திரை கொடுக்க வந்த நர்ஸ் சிரித்தாள். "தூங்கையில ஒண்ணுக்கு கம்மியாத்தான் ஊறும். வயித்துக்குள்ள இருக்க மூத்திரப் பையும் பொறுத்துக்கிடும். அதனாலதான் நாமெல்லாம் விடியிற வரைக்கும் தூங்குதோம். உங்களுக்கு அந்தப் பைக்குக் கீழ வீக்கம் இருக்குல்லா, அதான் எழுப்புது."

நாமெல்லாம்.

அதில் அவன் இல்லை.

எசக்கியப்பன் உறங்கும்போதும் அவருக்குள் ஒன்று உறங்காமல் கிடக்கிறது. நேரம் பார்த்துத் தட்டி எழுப்புகிறது. மனுசன் அதைப் போய்த் திட்டுகிறார்.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் அவர் மறுபடி எழுந்தார். செண்பகம் மறுபடி கை கொடுத்தாள். வார்டின் நடுவே போய்க்கொண்டிருந்தார்கள்.

"செண்பகம்! எனக்கும் முட்டுது."

அவள் அவரை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். நர்ஸை இழுக்காத குறையாகக் கூட்டி வந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவன் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

நர்ஸ் அவன் அடிவயிற்றை அமுக்கினாள். குழாயைப் பார்த்தாள்.

"குழா தெறந்துதான இருக்கு. உள்ள ஒண்ணுமே இல்லையே."



நடுவில் விடப்பட்ட எசக்கியப்பன் நின்ற இடத்திலேயே நின்றார். வேட்டி நனைந்து தரையில் வழிந்தது.

செண்பகம் துணி கொண்டுவந்து துடைத்தாள். அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"பரவால்ல தாயி, பரவால்ல" என்று எசக்கியப்பன் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அந்த ஈர வேட்டியின் மேலும் அவனுக்குப் பொறாமையாக இருந்தது. நனைந்தது அவருக்குத் தெரிந்ததே.

மறுநாள் நர்ஸ் குழாயை மடித்துக் கிளிப் போட்டாள். "இனி பையில எறங்காது, உள்ளயே சேரும். முட்டுறது உண்மையிலேயே தெரிஞ்சாச் சொல்லுங்க. சும்மா சொல்லக் கூடாது."

சோறு தின்ற அசதியில் கண் செருகியது.

என்னவோ எழுப்பியது.

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் அவனைத் தொடவில்லை. கூப்பிடவில்லை.

தொப்புளுக்குக் கீழே ஒரு கனம். மங்கலாக, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தட்டுவதுபோல.

மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

மறுபடியும்.

வாயைத் திறந்தான். நேற்றைய நினைப்பில் மூடிக்கொண்டான். செண்பகம் அவனுக்கு முதுகைக் காட்டித் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்துக் கட்டில் கிறீச்சிட்டது. எசக்கியப்பன் எழுந்து உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்தார். கூப்பிடவில்லை. தானாகவே காலை ஊன்றப் பார்த்தார்.

"செண்பகம்."

"என்ன?" அவள் திரும்பவில்லை.

"மொதல்ல அண்ணாச்சியக் கூட்டிட்டுப் போயிட்டு வா." அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "நான் அதுவரைக்கும் அடக்கிக்கிடுதேன்."

அவள் குனிந்து குழாயைப் பார்த்தாள்.

கிளிப் மூடியிருந்தது.

எசக்கியப்பனுக்குக் கை கொடுத்தாள். கதவு வரைக்கும் அவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.