கால் வலி மாத்திரை

"என்ன மாத்திரை சாப்பிட்டாங்க? அதைச் சொன்னாத்தான் நான் வைத்தியம் பாக்க முடியும்" என்றார் டூட்டி டாக்டர்.

என் கணவர் மபோபா தரையைப் பார்த்தார். "கால் வலி மாத்திரைங்க. என் சம்சாரத்துக்குக் கொடுத்தது."

கட்டிலில் என் மாமியார். காலையில் பாயை விட்டு எழுந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். நாக்கு வறண்டுபோய், நெஞ்சு கண்டபடி அடித்துக்கொண்டிருந்தது.

கால் வலியாம், கால் வலி! என் காலுக்கு ஒரு கேடும் இல்லை.

என் கைக்குழந்தை இறந்துபோனபிறகு நான் தின்னாமல், தூங்காமல் சுவரைப் பார்த்துக் கிடந்தேன். அதற்குத்தான் நர்ஸ் அதைக் கொடுத்தாள். ராத்திரி ஒன்றுதான், பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், நீயாக நிறுத்தாதே, வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

விஷயம் வெளியே தெரிந்தால் ஆவி பிடித்திருக்கிறது என்பார்கள். ஆவியை ஆடவைக்க விம்புசா மேளக்காரர்கள் வாசலுக்கே வந்துவிடுவார்கள். என் வீட்டுக்காரர் சபை மூப்பர்; அவர் வாசலில் மேளமா? அதனால் ஊரெல்லாம் கால் வலி என்று சொல்லிவைத்தார். நானும் கொஞ்ச நாள் நொண்டிக் காட்டினேன்.

எங்கள் வீட்டில் மருந்து எல்லோருக்கும் பொது. மலேரியா மாத்திரையைக்கூட உடைத்து ஆளுக்குப் பாதி விழுங்கும் குடும்பம். மாமியார் கை நீட்டினால் மருமகள் மண்டியிட்டு, இரண்டு கையாலும் கொடுக்கவேண்டும்.

நான் கொடுக்கவில்லை. நர்ஸ் சொன்னதைச் சொன்னேன். "உன் கால்தான் காலா? என்னுது என்ன கட்டையா?" என்றார். சோளமாவுப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். தேடி எடுத்துவிட்டிருக்கிறார்.

நாத்தனார் டோவேரா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நியாசீபா, எங்கம்மாவுக்கு என்னடி குடுத்துத் தொலைச்ச?"

மபோபா என் காதோரம் குனிந்தார். "வாயைத் தொறந்தே, உங்கப்பன் வீட்டுக்குத்தான் போகணும்."

பெற்ற தாய் அங்கே கிடக்கிறாள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கால் வலிக்கு இல்லைங்க" என்றேன், சத்தமாகவே. "அமிட்ரிப்டிலின். மனசு சரியில்லன்னு எனக்குக் கொடுத்தது. அத்தைக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை வேற இருக்கு."

டாக்டர் ஓடினார். டோவேரா என் தோளிலிருந்து கையை எடுத்து, தன் துணியில் துடைத்துக்கொண்டாள்.

மதியத்துக்கு மேல் நெஞ்சுத் துடிப்பு அடங்கியது. மற்றவர்கள் வெளியே மரத்தடியில் இருந்தார்கள். ஈரத்துணியால் மாமியாரின் உதட்டை நனைத்தேன். கண் திறந்தார்.

"கால் வலின்னா எவ நம்புவா? ஒரு நாள் இடது காலை நொண்டினே, மறுநாள் வலது காலை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்திலும்.

"பாரு, சிரிக்கிறே" என்றார். "பொணம் மாதிரி கெடந்தவ. அதான் எனக்கும் கொஞ்சம் வேணும்னு இருந்துச்சு. ஒண்ணு கேக்கல, ரெண்டா போட்டேன்."

அவருடைய இளைய மகன் ஜோகன்னஸ்பர்க் சுரங்கத்துக்குப் போய்ச் சவப்பெட்டியில் திரும்பி வந்தான். அன்று இவர் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் தானே சிமா என்னும் சோளக்களி கிண்டிப் போட்டார். என்ன நெஞ்சுரம் என்று ஊரே மெச்சியது. நானும்தான் மெச்சினேன். பக்கத்துப் பாயில் இத்தனை நாளும் தூங்காமல் கிடந்திருக்கிறார், எனக்குத் தெரியவில்லை.

"அத்தை, இதை அவங்ககிட்டயும் சொல்லிடுங்க" என்று கெஞ்சினேன். அவர் போர்வைக்குள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கதவு திறந்தது. மபோபா, டோவேரா, பின்னால் சபைப் பெண்கள்.

"அம்மா, அந்தப் பைத்தியக்கார மாத்திரையை ஏம்மா சாப்பிட்டே?" என்றாள் டோவேரா.

மாமியார் சபைப் பெண்களை ஒரு முறை பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கால் வலிடி. நியாசீபாதான் குடுத்தா. மண்டி போட்டுக் குடுத்தா, நானும் வாங்கிக்கிட்டேன்."

என்னை அனுப்பிவிட்டு, பரிசமாக என் அப்பாவுக்குக் கொடுத்த மாடுகளை எப்போது திருப்பிக் கேட்பது என்று டோவேரா அங்கேயே அண்ணனிடம் பேச ஆரம்பித்தாள்.

போர்வைக்குள் மாமியார் என் கையை விடவில்லை.